மூணாறு தலைப்பு

சனிக்கிழமை மூடும்போது பத்தாக இருந்தது.
திங்கள் காலை திறந்தால் பதினொன்று.
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
சொன்னது குரல்தான்,
அதுவும் என் குரல் இல்லை.

ஒன்பது வருடம் என் காதில் இருந்தவன்
மூக்கடைத்துக்கொண்டு பேசுவான்.
பூவனூரைப் 'பூ' என்று விட்டு
மூச்சு வாங்கி 'அனூர்' என்பான்.
அவன் தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம்.
இவள் யாரோ.
தப்பே செய்யவில்லை.
ஹெட்போனை அடையாளம் தெரியவில்லை என்று
ஸ்பீக்கரில் ஊருக்கே கேட்கப் பேசினாள்.

'ரொம்ப அழகா இருக்கும்மா' என்றார்
சங்கச் செயலாளர் ஷேக் மைதீன்.
'மூலையெல்லாம் வளைச்சு விட்டிருக்கான்,
நடுவுல நீலமா ஒரு பூ.'
பிறகு வெகுநேரம் அவர் மவுஸ்
மேசையில் தேய்ந்துகொண்டிருந்தது.
இடது மூலையில் இருந்த ஸ்டார்ட்டைக் காணோமாம்.
எனக்கு இடது மூலை என்று ஒன்று
என்றைக்கும் இருந்ததில்லை.
கீழ்வரிசையில் இரண்டாவது சாவி. அழுத்தினேன், திறந்தது.
'அட' என்றார்.
அந்த 'அட' எனக்குப் பிடித்திருந்தது,
ஒரு பத்து நிமிடம்.

பயிர்க் காப்பீட்டுக்கு அன்று கடைசி நாள்.
வெளியே மழை.
உள்ளே முப்பது பேராவது இருப்பார்கள்,
ஈரச் சாக்கு, பீடி, நடவுச் சேறு,
மடியில் நனைந்த சிட்டா அடங்கல்.
முதல் ஆள் ரிஷியூர் தங்கவடிவேல்.
சர்வே எண், பரப்பு, கணக்கு எண் எல்லாம் ஏறிற்று.
கடைசியில் அவள் சொன்னாள்:
பொத்தான்.
டேப் தட்டினேன்.
பொத்தான்.
மறுபடியும்
பொத்தான்.
அப்புறம் மேலேயிருந்து ஆரம்பித்துவிட்டாள்.

ஒன்று பதியும். ஒன்று அழிக்கும்.
ஒன்று என்னவோ.
பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வடுவூர்க் கமலக்கண்ணனுக்குப் போன் போட்டேன்.
(அந்தப் பெயரை வைத்தவர்களிடம்
அவனுக்கே ஒரு கேள்வி இருக்கிறது.)
மின்வாரியத்தில் போன மாதமே மாற்றிவிட்டார்கள்.
'ரெண்டு நாள் பாத்ரூம்ல போய் அழுதேன், அதை விடு.
இன்சர்ட், கண்ட்ரோல், டேப், மூணையும் சேர்த்து அமுக்கு.
பேர் கேட்கும். நீயே வை.
எது எதுன்னு மட்டும் என்னைக் கேட்காதே.'

தங்கவடிவேலை இந்தப் பக்கம் வரச் சொன்னேன்.
ஈர முழங்கை என் தோளில் பட்டது.
'ஒண்ணு வளைஞ்ச அம்பு மேடம்.
ஒண்ணு குப்பைத்தொட்டி.
இன்னொண்ணு தெரியல, தீப்பெட்டி மாதிரி.'
தீப்பெட்டியா?
'ஆமா, சதுரமா. ஒரு மூலை வெட்டினாப்ல.'
சிரித்துவிட்டேன். பிளாப்பி.
திருச்சியில் படித்தபோது
விரலால் தடவி ஒடித்த பிளாப்பி.
கண்ணுள்ள தங்கவடிவேல் அதைப் பார்த்ததே இல்லை.

திரும்பு, அழி, சேமி என்று வைத்திருக்கலாம்.
இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான்
வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது.
சின்ன வயதில் அங்கே மதகுக் கைப்பிடியைப் பிடித்து
தண்ணீரின் அதிர்வைக் கையில் வாங்கியிருக்கிறேன்,
லஸ்கர் சத்தம் போடும்வரை.
அம்புக்கு வெண்ணாறு.
குப்பைத்தொட்டிக்குக் கோரையாறு, ஒரு காரணமுமில்லை.
தீப்பெட்டிக்குப் பாமணியாறு,
எங்கள் பக்கத்துக்கு அதில்தான் தண்ணீர் வரும்.

மத்தியானத்துக்குள் பதினெட்டு பேரைப்
பாமணியில் திறந்துவிட்டேன்.
ஒருவரைத் தவறிக் கோரையாற்றில் விட்டேன்.
முதலிலிருந்து தட்டச்சு செய்தேன்.
அவருக்குத் தெரியாது. இப்போதும் தெரியாது.

மூன்று மணிக்குக் காளாச்சேரி சௌந்தரவல்லி.
எல்லாம் முடிந்து டேப் தட்டி நின்றேன்.
அவள், அந்தப் புதியவள்,
காலையிலிருந்து ஒழுங்காகப் படித்தவள்
களைத்துப்போனாளோ என்னவோ,
'பாமணி' என்று விட்டு
மூச்சு வாங்கி
'ஆறு' என்றாள்.

'ஆறு இல்ல மேடம்' என்று
பதறினார் சௌந்தரவல்லி.
'எனக்கு மூணு ஏக்கர்தான்.'